‘சீனாக்காரனைப் பார்’ என்று பிள்ளையை ஏசுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் யாழ்ப்பாணம் டவுனில் போன் கவர், சார்ஜர், ஹெட்செட், எல்.ஈ.டி. பல்ப் விற்கிற ஒரு சின்னக் கடைக்காரன். கடைக் கணக்குக் கொப்பியைத் தவிர வேறொன்றும் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள். உங்கள் பத்திரிகையைப் பல வருசமாகக் கடைக்கு எடுக்கிறேன். அதில் சீனா என்றால் ஒன்றில் அம்பாந்தோட்டைத் துறைமுகம், இல்லாவிட்டால் கடன், இல்லாவிட்டால் கடலட்டைப் பண்ணை, மிஞ்சினால் தூதுவர் வேட்டியோடு நல்லூருக்கு வந்த படம். அதெல்லாம் தேவையான செய்திதான், வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் 140 கோடி சனம் இருக்கிற நாட்டில் ஒரு சாதாரண மனிசன் என்ன கவலையோடு காலையில் வேலைக்குப் போகிறான் என்று ஒரு பத்தி கூட நான் வாசித்த ஞாபகம் இல்லை.

என்னை எழுத வைத்தது வேறொரு விசயம். போன கிழமை ஒரு தகப்பன் ஏ.எல். எடுக்கப்போகிற மகனோடு கடைக்கு வந்தார். பெடியன் கவர் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்க, இவர் என் கண் முன்னாலேயே ஏசத் தொடங்கிவிட்டார். “சீனாக்காரனைப் பார், நித்திரை முழிச்சு உழைக்கிறான், அதுதான் உலகத்தையே கையுக்குள்ள வைச்சிருக்கிறான், நீ போனை நோண்டிக்கொண்டிரு.” பெடியன் ஒன்றும் சொல்லவில்லை, கவரைத் திரும்பக் கொக்கியில் மாட்டிவிட்டு வெளியே போய் மோட்டார் சைக்கிளடியில் நின்றான். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது, ஆனால் வாடிக்கைக்காரர், வாயை மூடிக்கொண்டேன். அவருக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சாமான் வருவது யீவூ என்கிற நகரத்தில் இருந்து. செஜியாங் மாகாணம், ஷாங்காயில் இருந்து வேக ரயிலில் இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். 2018 இல் கொழும்பு வியாபாரிகள் இரண்டு பேரோடு ஒருமுறை போனேன். அங்கேயுள்ள மொத்தச் சந்தையில் 75,000 கடைகள் வரையில் இருக்கின்றன. ஒரு கடைக்கு ஒரு நிமிசம் என்று வைத்து நாளுக்கு எட்டு மணித்தியாலம் நடந்தாலும் பார்த்து முடிக்க ஐந்து மாதம் வேண்டும். அங்கே ஒரு கவர் கடையில் நின்ற பிள்ளையோடுதான் இன்றுவரை என் வியாபாரம். முதலாளி வேறு ஆள், இவள் சம்பளத்துக்கு நிற்கிறவள், இப்போது முப்பத்துமூன்று வயது இருக்கும். பாசை தெரியாது. வீசாட் என்கிற போன் செயலியில் அவள் சீனத்தில் அடிக்க, போன் அதை மாற்றித் தரும், நான் எழுதுவதும் அப்படியே அவளுக்குப் போகும். சிலநேரம் கோமாளித்தனமாக வரும், ஆனாலும் இத்தனை வருசத்தில் நிறையக் கதைத்துவிட்டோம்.

நான் ஓடர் அனுப்புவது கடை பூட்டி, சாப்பிட்டு, கணக்குப் பார்த்த பிறகு, இரவு பத்தரை போல. அனுப்பி ஒரு நிமிசத்தில் பதில் வரும். முதல் இரண்டு வருசமும் ‘என்ன நல்ல சேர்விஸ்’ என்று நினைத்தேன். அப்புறம் ஒருநாள்தான் யோசித்தேன், சீனா எங்களை விட இரண்டரை மணித்தியாலம் முந்தி, அங்கே அப்போது விடியப்புறம் ஒரு மணி. ஏன் பிள்ளை இன்னும் படுக்கவில்லை என்று கேட்டேன். வெளிநாட்டு ஆட்கள் கேட்கிற நேரத்தில் பதில் போடாவிட்டால் பக்கத்துக் கடை போட்டுவிடும் என்றாள். பக்கத்துக் கடையிலும் இதே கவர்தான். ஏன், மேல்மாடியிலும் இதே கவர்தான்.

அங்கே 996 என்று ஒரு சொல் இருக்கிறது. காலை 9 மணி தொடக்கம் இரவு 9 மணி வரை, கிழமைக்கு 6 நாள். 2019 இல் கணினி வேலை செய்கிற பெடியள் இதை எதிர்த்து இணையத்தில் பெரிய சத்தம் போட்டார்கள், அலிபாபா கொம்பனியின் ஜாக் மா அதற்குப் பதிலாக, அப்படி வேலை செய்யக் கிடைப்பதே ஒரு பாக்கியம் என்கிற மாதிரிச் சொன்னார். முதலாளிமார் எல்லா ஊரிலும் ஒரே பாசைதான் கதைப்பார்கள், அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். 2021 ஓகஸ்டில் உச்ச மக்கள் நீதிமன்றமே 996 சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. சட்டம் சட்டமாக இருக்கிறது, கடை வெளிச்சம் எரிந்தபடி இருக்கிறது.

இந்தப் பிள்ளை ஹெனான் மாகாணத்தில் ஒரு கிராமம். மகன் ஒருவன், அங்கேயே அப்பம்மாவோடு வளர்கிறான். யீவூவில் பிறத்தி ஆள், அதனால்தான். சீனாவில் ‘ஹுகோ’ என்று ஒரு குடும்பப் பதிவு இருக்கிறது, 1958 இல் சட்டமாக வந்தது. எங்கட கிராம சேவகர் பதிவு மாதிரித்தான் முதலில் நினைத்தேன், ஆனால் இது மனிசரைக் கட்டிப்போடுகிற கயிறு. கிராமத்துப் பதிவோடு நகரத்துக்கு வந்தால் உழைக்கலாம், வாடகைக்கு இருக்கலாம், ஆனால் பிள்ளைக்கு நல்ல அரச பள்ளிக்கூடம், வைத்தியக் காப்புறுதி, ஓய்வூதியம் எல்லாம் பெரும்பாலும் ஊர்ப் பதிவோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும். சின்ன நகரங்களில் இப்போது கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள், பீஜிங், ஷாங்காய் போன்ற இடங்களில் லேசில் கிடைக்காது. இப்படி ஊரை விட்டும், ஊருக்குள்ளேயே தொழில் மாறியும் உழைக்கிற கிராமத்துப் பதிவுக்காரர் ஏறத்தாழ 30 கோடிப் பேர். இலங்கையைப் போலப் பதின்மூன்று நாட்டுச் சனம்.

மகனை வருசத்துக்கு ஒருக்கால் சீனப் புதுவருசத்துக்குத்தான் பார்ப்பாள். எங்களைப் போன்ற வியாபாரிகளுக்கு அந்தக் காலம் தலையிடி, மாசி மாதத்தில் சார்ஜர் முடிந்தால் முடிந்ததுதான், பங்குனி வரை சந்தை முழுக்க எழும்பாது. நானும் ஒவ்வொரு வருசமும் புறுபுறுப்பேன். ஒருமுறை அவள் ஒரு வீடியோ அனுப்பினாள். ஊர் வீட்டு வாசலில் இவள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டுகிறாள், பெடியன் அப்பம்மாவின் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு எட்டிப் பார்க்கிறான், வரவில்லை. எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. தாய் குவைத்திலும் தகப்பன் கட்டாரிலும் இருக்க அம்மம்மாவோடு வளர்கிற பிள்ளைகள் எங்கட ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். வித்தியாசம், எங்கட தாய் கடல் கடந்து போகிறாள், அவள் சொந்த நாட்டுக்குள்ளேயே அப்படி இருக்கிறாள்.

இனி வீட்டுக் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் சீனாவின் சாதாரண குடும்பங்களை முறித்தது இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

எங்களுக்கு வளவும் வீடும் எப்படியோ அங்கே ஒரு பிளாட் அப்படி. வீடு இல்லாத மாப்பிள்ளைக்குப் பெண் கிடைப்பது கஷ்டம். இங்கே பெண் வீட்டார் சீதனமாக வீடு கொடுக்கிறோம், அங்கே தலைகீழ், ஆண் வீட்டார் வீடும் வாங்கி, அதற்கு மேல் ‘சாய்லி’ என்று பெண் வீட்டுக்குக் காசும் கட்ட வேண்டும், சில மாகாணங்களில் அது இலட்சக்கணக்கான யுவான். ஒரு யுவான் ஏறத்தாழ 40 ரூபாய் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். 2020 சனத்தொகைக் கணக்கெடுப்பில் பெண்களை விட ஆண்கள் மூன்றரைக் கோடி அளவு கூட. ஒரு பிள்ளைச் சட்டம் 1980 இல் இருந்து 2015 வரை நின்று, ஆம்பிளைப் பிள்ளைதான் வேணும் என்று சனம் பார்த்ததன் விளைவு அது. ஆகவே ஒரு மகனைப் பெற்றவர்கள் அவன் பிறந்த நாளில் இருந்தே பிளாட்டுக்குச் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

அந்தப் பிளாட்டை விற்கிற விதம்தான் விசேசம். கட்டிடம் எழும்பும் முன்னமே முழுக்காசும் வாங்கிவிடுவார்கள். கையில் இருக்கிற முற்பணம் போக மிச்சத்துக்கு வங்கியில் கடன், வங்கி காசைக் கட்டுகிற கொம்பனிக்குக் கொடுத்துவிடும், வீடு வந்தாலும் வராவிட்டாலும் மாதக் கட்டுக்காசு வாங்கினவனின் தலையில். கொம்பனி அந்தக் காசை எடுத்து அடுத்த காணியை வாங்கும். காணியை விற்பது உள்ளூர் அரசாங்கம், அப்போது அதன் வருமானத்தில் ஒரு பெரிய பங்கு அதுதான், அதனால் ஒருவரும் பிரேக் போடவில்லை. எங்கட ஊரில் சீட்டுப் பிடித்த ஆள் முதல் சீட்டுக் காசில் இரண்டாம் சீட்டைச் சமாளிப்பார் இல்லையா, அதேதான், மாடி மட்டும் முப்பது. 2020 ஓகஸ்டில் அரசாங்கம் ‘மூன்று சிவப்புக் கோடுகள்’ என்று இந்தக் கட்டிடக் கொம்பனிகளின் கடனுக்கு எல்லை போட்டது. அடுத்த வருசக் கடைசியில் எவர்கிராண்ட் கொம்பனி கடன் கட்ட முடியாமல் விழுந்தது, அதற்கு இருந்த கடனும் பொறுப்புகளும் சேர்ந்து 300 பில்லியன் டொலர் அளவு. 2022 இல் எங்கட நாடே படுத்தபோது இலங்கையின் முழு வெளிநாட்டுக் கடனும் அதில் பாதி கூட வராது. 2024 ஜனவரியில் ஹொங்கொங் நீதிமன்றம் கொம்பனியைக் கலைத்துவிடச் சொன்னது.

கட்டி முடியாமல் நின்றுபோன கட்டிடங்களை அங்கே ‘அழுகிய வால்’ கட்டிடம் என்கிறார்கள். இந்தப் பிள்ளையும் புருசனும் ஹெனானின் தலைநகரமான ஜெங்ஜோவில் ஒன்றுக்குக் காசு கட்டியிருக்கிறார்கள், 2021 இல் இருந்து பதினேழாவது மாடியோடு நிற்கிறதாம். இவர்களுடையது பத்தொன்பதாவது மாடி. அதாவது மாதாமாதம் இவர்கள் கட்டுவது வெறும் ஆகாயத்துக்கு. எங்கட பக்கமும் யுத்தம் முடிந்து வீட்டுத்திட்டம் வந்தபோது அத்திவாரத்தோடும் கூரை இல்லாத சுவரோடும் கடனாளியாகி நின்ற குடும்பங்கள் எத்தனை, ஆனால் குறைந்தது அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கவாவது முடிந்தது. 2022 ஜூன் கடைசியில் ஜிங்தேஜென் என்ற இடத்தில் வீடு வாங்கினவர்கள், கட்டி முடிக்கும் வரை கடன் கட்டமாட்டோம் என்று கடிதம் போட, அது முன்னூறுக்கு மேற்பட்ட கட்டிடங்களுக்குப் பரவியது. சில பேர் லிப்ட் இல்லாமல், கரண்ட் இல்லாமல், சன்னல் கூட இல்லாமல் அந்த அரைகுறை மாடிகளிலேயே போய்க் குடியிருந்தார்கள்.

நீங்கள் ஏன் கட்டாமல் விடவில்லை என்று கேட்டேன். விட்டால் பெயர் கறுப்புப் பட்டியலுக்குப் போகும், வேக ரயில் ரிக்கற் கூட எடுக்க முடியாமல் வரலாம், பிறகு மகனைப் பார்க்க எப்படிப் போவது என்றாள்.

அந்தத் தகப்பனாருக்குச் சொல்ல நினைத்த இடம் இனித்தான் வருகிறது. இவளுக்கு ஒரு தம்பி. படித்தவன். ஹெனானில் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை, ‘காவோகாவ்’ என்பார்கள், ஒரு வருசத்தில் 13 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அந்த ஒரு மாகாணத்தில் மட்டும் எழுதுகிறார்கள். பதிவு உள்ள மாகாணத்தில்தான் பொதுவாக எழுத வேண்டும், பீஜிங் பிள்ளைக்குப் பீஜிங்கின் பெரிய பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கிற வாய்ப்பு ஹெனான் பிள்ளையை விடப் பல மடங்கு கூட. மாவட்டக் கோட்டா பற்றி இங்கே ஐம்பது வருசமாக வாக்குவாதப்படுகிற எங்களுக்கு இது விளங்காமல் போகாது. ரியூசனும் அங்கே எங்களைப் போலத்தான், இல்லை எங்களை விட மோசம். 2021 ஆடியில் அரசாங்கம் ஒரே உத்தரவில் பள்ளிப் பாடங்களுக்கு இலாபத்துக்கு ரியூசன் நடத்தக்கூடாது என்று நிறுத்தியது. நியூ ஓரியண்டல் என்ற பெரிய கொம்பனி மட்டும் 60,000 பேரை வேலையை விட்டு நிறுத்தியது, ஆங்கிலம் படிப்பித்த வாத்திமார் இணையத்தில் நேரலையில் அரிசியும் பழமும் விற்கப் போனார்கள். சரி, ரியூசன் நின்றதா? நிற்கவில்லை. வீட்டுக்குள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு, கூடின விலைக்கு நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ரியூசனை நிறுத்த வேண்டும் என்று இங்கே அடிக்கடி கூட்டம் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடைசியில் இருக்கிற இடம் அதே எண்ணிக்கை என்றால் ஒரு பிள்ளை இரண்டு வகுப்புக்குப் போக, மற்றது மூன்றுக்குப் போகும். இதற்கும் அங்கே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், ‘நெய்ஜுவான்’, உள்ளுக்குள்ளேயே சுருண்டு சுருண்டு இறுகுவது.

அவ்வளவும் படித்து வெளியே வந்தால்? 2025 இல் பட்டம் பெற்று வெளியேறியவர்கள் 1 கோடி 22 இலட்சம். 2023 ஜூனில் நகரங்களில் வேலை செய்கிற, வேலை தேடுகிற 16 முதல் 24 வயது வரையானவர்களில் வேலை கிடைக்காதவர்கள் நூற்றுக்கு 21.3. அடுத்தடுத்த மாதம் அந்தக் கணக்கை வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள். பிறகு மாணவர்களைக் கழித்துப் புது முறையில் கணக்குப் போட்டு 14.9 என்று கொண்டுவந்தார்கள், அதுவும் நிற்கவில்லை, 2024 ஓகஸ்டில் 18.8. தம்பியார் இரண்டு வருசமாக அரச உத்தியோகப் பரீட்சைக்குப் படிக்கிறார். மத்திய அரசின் 2025 ஆம் ஆண்டு எடுப்புக்கு 39,700 இடம், தகுதி பெற்று நின்றவர்கள் 34 இலட்சம். எங்கட மாவட்டச் செயலகக் கச்சேரிக்கு முன்னால் 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் கொட்டகை போட்டு மாதக்கணக்கில் இருந்தார்கள். அங்கே கொட்டகை போட இடமில்லை, வீட்டுக்குள் படுத்துக்கிடக்கிறார்கள். உண்மையாகவே ‘படுத்துக்கிடத்தல்’ என்றே அதற்குப் பெயர், ‘தாங் பிங்’, 2021 இல் பரவின சொல். கலியாணம் வேண்டாம், வீடு வேண்டாம், காசு குறைவாகச் செலவழித்துக்கொண்டு குறைவாக உழைப்பது. அரச பத்திரிகைகள் அதை வெட்கக்கேடு என்று எழுதின. எனக்கு அப்படித் தெரியவில்லை, ஓடினாலும் இடம் கிடைக்காத ஓட்டத்தில் ஒருவன் குந்திவிட்டால் அவனைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது.

சரி, விடாமல் உழைத்தவனுக்காவது நிம்மதியா என்றால், 35 வயது தாண்டினால் கொம்பனிகள் எடுக்கப் பின்னடிக்கும், வேலை போனால் உணவு டெலிவரிக்கு ஓட வேண்டும். இவளின் புருசன் அதைத்தான் செய்கிறார். கிராமத்துக் கிழவன் கிழவிகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற குறைந்தபட்ச ஓய்வூதியம் 2024 இல் மாதம் 123 யுவான், எங்கட காசில் ஐயாயிரம். இப்படி இருக்க யார் பிள்ளை பெறுவார்கள்? மூன்று பிள்ளை வரை பெறலாம் என்று 2021 இல் சட்டம் மாற்றினார்கள், அடுத்த வருசமே சனத்தொகை குறையத் தொடங்கியது, 1961 க்குப் பிறகு முதல் தடவை. 2024 இல் பதிவான கலியாணம் 61 இலட்சம், முந்தின வருசத்தை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

ஒரு பக்கமாக மட்டும் எழுதுகிறேன் என்று யாரும் சொல்லக்கூடாது. நான் அந்த வேக ரயிலில் போனவன், மேசையில் வைத்த தேத்தண்ணி தளம்பவில்லை. யாழ்தேவியில் வந்து இறங்கினவனுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எட்டு வருசத்தில் கிட்டத்தட்ட 10 கோடிக் கிராமத்துச் சனத்தை அரசாங்கத்தின் வறுமைக் கோட்டுக்கு மேலே கொண்டுவந்துவிட்டோம் என்று 2021 இல் அறிவித்தார்கள், இவளின் ஊருக்குக் கொங்கிறீட் ரோட்டு வந்ததும் அப்படித்தான். இவளுடைய தாய் சின்ன வயதில் பசியோடு படுத்தவர், இவள் படுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தின வருசம் அப்போதைய பிரதமர் லீ கச்சியாங், மாதம் 1,000 யுவான் அளவு வருமானத்தில் 60 கோடிப் பேர் இருக்கிறார்கள் என்று பத்திரிகையாளருக்கு முன்னால் சொன்னதும் உண்மைதான். கடலட்டை பற்றிக் கேட்டேன், எங்கட கடலில் இருந்துதான் உங்களுக்கு வருகிறது என்று. ஒருமுறை முதலாளியின் மகள் கலியாணத்தில் சாப்பிட்டாளாம், ருசி ஞாபகமில்லை என்றாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2022 இல் ஹெனானில் நான்கு கிராமிய வங்கிகள் சனத்தின் வைப்புப் பணத்தை முடக்கின. காசைக் கேட்டு ஜெங்ஜோவுக்கு வந்தவர்களின் போனில் இருந்த கொரோனாச் சுகாதாரக் குறி திடீரென்று சிவப்பானது. சிவப்பு என்றால் ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை, கடைக்குள்ளும் போக முடியாது. பிறகு அதைச் செய்த அதிகாரிகள் ஐந்து பேரைத் தண்டித்தார்கள், அது வேறு. இதை வாசித்தபோது எனக்கு யுத்தகாலத்தில் பயண அனுமதிப் பாஸ் எடுத்து வவுனியாவில் நின்றது ஞாபகம் வந்தது. ஒரு கடதாசித் துண்டு இல்லாமல் நகர முடியாது என்றால் என்ன என்று யாழ்ப்பாணத்தானுக்கு விளக்கம் தேவையில்லை. அதனால்தான் சொல்கிறேன், இந்தச் சனத்தின் பாட்டை மற்றவர்களை விட நாங்கள் விளங்கிக்கொள்ளலாம், உங்கள் ஞாயிறு மலரில் மாதம் ஒரு பக்கம் ஒதுக்கினால் கூடக் காணும். துறைமுகச் செய்தி மற்றப் பக்கத்தில் இருக்கட்டும்.

நானும் யோக்கியன் இல்லை, அதையும் எழுதத்தான் வேண்டும். சீனாவில் சின்னக் கடைகள் வேலைக்காரரோடு பேசிச் சமூகக் காப்புறுதி கட்டாமல் விடுவது வழக்கம், 2025 செப்டெம்பரில் இருந்து அப்படிப் பேசிக்கொண்டாலும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதை அவள் அனுப்பினபோது என் கடையில் நிற்கிற இரண்டு பெடியளுக்கும் நான் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டவில்லை என்பது ஞாபகம் வந்தது. ஒருவனுக்கு இந்த மாதம் தொடங்கியிருக்கிறேன். மற்றவன் கையில் காசாகத்தான் வேண்டும் என்று நிற்கிறான், இன்னும் கதைத்து முடியவில்லை.

நேற்று இரவும் ஓடர் போட்டேன், வழக்கமான கவர், 600. பழக்கதோசத்தில் ஒன்றுக்கு யுவானில் இருபது சதம் குறைக்கச் சொல்லிக் கேட்டும் விட்டேன். அங்கே விடியப்புறம் ஒன்றேகால். முதலாளியிடம் கேட்க வேண்டும் என்று எழுதினாள், இரண்டு நிமிசம் கழித்துச் சரி என்று வந்தது. அந்த நேரத்தில் எந்த முதலாளி முழித்திருப்பான், அவளே தன் கமிசனில் வெட்டியிருப்பாள். பார்சல் மூன்று கிழமையில் கொழும்புக்கு வரும்.

இப்படிக்கு,
டவுன் கடைக்காரன் ஒருவன்,
யாழ்ப்பாணம்.